நிலானியும் என் மெக்ரோவும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியும்போதே மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆபீசில் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்தாயிற்று.

இன்றைய வேலை: மேல் டிவிஷன் பழைய செக்ரோல், அதாவது பேர்வாரி வேலைநாள் பதிவு. பழைய புரோகிராம் ஓர் ஆளின் பேர், நம்பர், வேலை செய்த நாள் எல்லாவற்றையும் நாலைந்து வரியில் சிதறித் துப்பி வைத்திருக்கிறது. புதுப் புரோகிராமுக்கு ஆளுக்கு ஒரே வரி வேண்டும். கையால் செய்ய ஒரு ஜென்மம் போதாது. அதற்குத்தான் என் மெக்ரோ. நானே செய்தது. யாரும் சொல்லித் தரவில்லை. (இதை எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது உரிமை கொண்டாடலாம்.)

அந்த மெக்ரோதான் இப்போது மானத்தை வாங்குகிறது. தொடங்கும்போது பேர்கள் கடகடவென்று ஓடுகின்றன. பாதி தாண்டியதும் முனகல். கடைசிப் பேர்கள் ஒவ்வொன்றும் கோபித்துக்கொண்ட சம்பந்தி கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வருகின்றன.

தோட்டத்துத் துரை எட்டிப் பார்த்தார். "பரமு, கவதாத இவர?" எப்போது முடியும் என்று தினமும் சிங்களத்தில் இதே கேள்வி. சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். பொய்.

பெரிய கிளாக்கர் ஐயாவுக்குத் தீபாவளியோடு ஓய்வு. அவர் சீட் யாருக்கு என்பது இந்த வேலையில் தெரிந்துவிடும். துரை வாய்விட்டே சொல்லிவிட்டார். மேல் டிவிஷன் எனக்கு, கீழ் டிவிஷன் நி.க்கு. முதலில் சரியாக முடிப்பவர் அந்த சீட்டில். தோட்டத்தில் பிறந்த பெண் ஒருத்தியும் இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

நி. என்றால் நிலானி. முழுப்பேர் எழுதக் கை வரவில்லை. என் கொழுந்தன் குமாரின் பெண்டாட்டி. தை மாதம் கல்யாணம். ஒரே வீடு, ஒரே அடுப்படி. ரெண்டு மாதமாக ஒரே ஆபீசும். இரத்தினபுரியில் கம்பியூட்டர் டிப்ளோமா முடித்தவள். துரை அவளை "நிலானி மிஸ்" என்கிறார். நான் இத்தனை வருஷமும் "பரமு".

மத்தியானம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, போகப் போக ஸ்லோ ஆவுதுல்ல? நான் பாக்கவா?"

"வேணாம்."

"இல்லக்கா, சும்மா ஒருவாட்டி..."

"என் மெக்ரோவ தொடாத நிலானி. உனக்கு பென்ட்ரைவ்ல குடுத்தத அப்பிடியே ஓட்டு."

"சரிக்கா" என்று போய்விட்டாள். முகம்கூடச் சுருங்கவில்லை. சுருங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 8, புதன்

மழை விட்டது. கொசு.

செய்து பார்த்தவை:
கம்பியூட்டரை அணைத்துப் போட்டது. பலனில்லை.
பின்பக்கம் தூசி தட்டியது. ஒரு பல்லி முட்டை. பலனில்லை.
வைரஸ் தேடியது. ஐயா ஒளித்து வைத்த பழைய பாட்டுகள்தான் கிடைத்தன.
முறைத்துப் பார்த்தது. பலனில்லை.

ஐயா தன் மேசையிலிருந்தே சொன்னார், "மெசினுக்கும் வயசாவுதும்மா." அவருக்கு இப்போது எல்லாமே வயசாகிறது. மெசின் பழசு என்றால் தொடங்கும்போதே அல்லவா இழுக்க வேண்டும்? தொடக்கத்தில் குதிரை, முடிவில் நத்தை. அடுத்த பைலைத் திறந்தால் மறுபடி குதிரை. இது வயசு இல்லை. வேறு என்னவோ.

சாயங்காலம் இவர் ரப்பர் ஸ்டோரிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அது என்னா மெக்ரோ மெக்ரோன்னு?"

"எடிட்டர்னு எழுதுற புரோகிராம் இருக்குல்ல, ஒருவாட்டி நான் தட்டுறத அது மனசுல வச்சிக்கும். பெறகு எத்தன வாட்டி சொன்னாலும் அதையே தட்டும்."

"நல்ல வேலக்காரன். அப்பொறம் ஏன் களைக்கிது?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி ஒக்காந்திருக்கேன்?"

"நிலானிகிட்ட கேளேன். புள்ள படிச்சிருக்குல்ல."

புள்ள! என்னை ஒருநாளும் இவர் புள்ள என்று சொன்னதில்லை. ரொட்டியை அடுப்பில் விட்டுவிட்டு எழுந்து போனேன். கருகியது. கருகின ரொட்டியையும் நி. சுரண்டி எடுத்து, சம்பல் வைத்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டாள். "ம், பரவால்லியே" என்று இவர் இரண்டு தின்றார்.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம்தான் போனில் சிக்னல் வரும். குடை பிடித்துக்கொண்டு நின்று படித்தேன். உலகம் பூராவும் இதே வியாதிக்காரர்கள். மனசுக்கு ஆறுதல்.

தெரிந்துகொண்டது: நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், பிறகு வேண்டாம் என்றால் திருப்பிவிட, எடிட்டர் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மெக்ரோ தட்டினாலும் அப்படித்தான். ஆயிரம் தரம் ஓடினால் அத்தனை ஞாபகமும் தலைக்குள். போகப் போகச் சுமை. இன்னொன்று, வரிகளுக்கு நிறம் பூசுகிற வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி பூசும்.

திரும்பி வந்து நிறத்தை நிறுத்தினேன். கொஞ்சம் தேவலை. பாதியில் சேவ் பண்ணி எடிட்டரை மூடித் திறந்தேன். ஞாபகம் போனது, இன்னும் கொஞ்சம் தேவலை. ஆனால் குதிரை வரவில்லை. கோவேறு கழுதைதான். தாய் வியாதி வேறெங்கோ இருக்கிறது.

நி. துரை அறையில் நெடுநேரம். சிரிப்புச் சத்தம். எனக்கும் சிங்களம் வரும், ஆனால் என் சிங்களம் சந்தையில் மீன் வாங்கினது. அவளுடையது செய்தி வாசிக்கிறவளுடையது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்காமலே சொல்ல வேண்டாமா?

மத்தியானம் எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பலாக்கொட்டைக் கறி. வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் பொட்டலத்தைத் திறந்தேன். ருசியாக வேறு இருந்தது.

அவளிடம் இருப்பவை: வயசு. டிப்ளோமா. துரையிடம் மிஸ். முழங்கை வரை வரும் முடி. கோபம் வராத முகம். என் வீட்டுக்காரரிடம் புள்ள.

என்னிடம் இருப்பது: மெக்ரோ. அதுவும் ஓடவில்லை.

ஒக்டோபர் 11, சனி

அரை நாள் வேலை. பிறகு குமாரின் த்ரீவீல் ஆட்டோவில் எல்லோரும் கேகாலைக்கு. தீபாவளி உடுப்பு. டவுன் முழுக்கச் சனம்.

நான் பச்சையில் ஒன்று எடுத்தேன். கடைக்காரப் பெண் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். நி. மடிப்புகளுக்குள் கையை விட்டு மாம்பழ நிறத்தில் ஒன்றை உருவி என் தோளில் போட்டாள்.

"அக்கா நெறத்துக்கு இதுதான். பாருங்க மாமா."

இவர் பார்த்தார். அப்படிப் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது. கடைக்காரப் பெண், "அனே லஸ்ஸனய்" என்றாள். கண்ணாடியில் நானும் பார்த்தேன். உண்மையிலேயே அழகு.

பச்சையைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் பச்சை வாழையிலை மாதிரி இருக்கிறது. வயிற்றெரிச்சலில் ஒரு சேலை போச்சு.

ஒக்டோபர் 13, திங்கள்

இடி. மின்சாரம் போய்ப் போய் வந்தது. அதனால் ஒரு நல்லது.

பாதி வேலையில் கரண்ட் போய், வந்ததும் எல்லாம் புதிதாகத் திறந்தேன். எடிட்டர் புதிது. ஞாபகம் ஒன்றும் கிடையாது. நிறமும் நிறுத்தியாயிற்று. சேவ் பண்ணி வைத்திருந்த பைலில் பாதிப் பேர் முடிந்தது, பாதி பாக்கி. மெக்ரோவைத் தட்டினேன். முதல் தட்டிலிருந்தே நத்தை!

யோசிக்க வேண்டிய விஷயம். இப்போதுதான் உட்கார்ந்தவனுக்கு எப்படிக் களைப்பு வரும்? அப்படியானால் களைப்பு எடிட்டரிடம் இல்லை. எத்தனை தரம் ஓடியது என்பதிலும் இல்லை. பைலில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. முடிந்த பேர்கள் சும்மாதானே கிடக்கின்றன? அவை ஏன் காலை இழுக்க வேண்டும்?

ஐயாவிடம் சொன்னேன். "செக்ரோல ஒழுங்கா பாத்தா ஒழுங்கா வரும்மா" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறார்.

நி. தன் மேசையில் என் மெக்ரோவை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே நத்தை. கன்னத்தில் கை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம். டிப்ளோமாவில் இதையெல்லாம் சொல்லிக் கொடுக்காமலா இருப்பார்கள்? சாமி, அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

சாமியிடம் இதைக் கேட்கலாமா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

தூறல். காலையிலேயே, ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு. தீபாவளி லீவு அறிவித்தல் கொடுக்க வேண்டியிருந்தது. தாளை நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

கணக்கப்பிள்ளை பேர் வாசித்துக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருக்கும். பிந்தி வந்த ரெண்டு பேர் ஓடி வந்து வரிசையில் சேர்ந்தார்கள். அவர் வழக்கம்போலச் செக்ரோலை முதல் பக்கத்துக்குத் திருப்பி, முதல் பேரிலிருந்து மறுபடி.

"மறுவாட்டியும் மொதல்லேருந்தா?" என்று ஒரு பெண்.

"மொதப் பேர்லேருந்து வாசிச்சாதான் ஒருத்தரும் தப்பாது. நீ பேசாம இரு."

"நாங்கதான் அப்பவே பேர் குடுத்துட்டோம்ல. பிந்தி வந்தவகள மட்டும் கூப்புடுங்களேன். நனையிறோம்."

முடிந்தவர்கள் எல்லோரும் மறுபடி "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லச் சொல்ல, புதிதாக வந்தவர்களை எட்ட அவருக்கு அவ்வளவு நேரம். இன்னும் ஒருத்தர் பிந்தி வந்தால் இன்னும் நீளம்.

அங்கேயே பிடிபட்டது. என் மெக்ரோவும் அதைத்தானே செய்கிறது!

முதல் விசையே பைலின் உச்சிக்குப் போவது. உச்சியிலிருந்து ஒவ்வொரு பேராகத் தாண்டி, அடையாளம் போடாத முதல் ஆளைத் தேடிப் பிடிக்கும். வரிகளைச் சேர்க்கும், அடையாளம் போடும், மறுபடி உச்சிக்கு ஓடும். தொடக்கத்தில் தாண்ட ஆளில்லை, அதனால் குதிரை. முடியும்போது தோட்டமே குறுக்கே நிற்கிறது. செக்ரோலைத் தொடும்போதெல்லாம் முதல் பேரிலிருந்து போ என்று ஐயா எனக்குப் படித்துப் படித்துச் சொன்னது. எல்லா ஐயாமாரும் எல்லாக் கிளாக்கர்மாருக்கும் சொன்னது. அதையே மெசினுக்கும் பழக்கி வைத்திருக்கிறேன். இரத்தினபுரி டிப்ளோமாக்காரி செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாள். தோட்டத்து ஆபீசில் வளர்ந்தவள்தான் செய்வாள்.

அறிவித்தலை யார் கையில் கொடுத்தேன் என்றுகூட ஞாபகமில்லை. வந்து, உச்சிக்குப் போகும் விசையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிந்தேன். ஒரே ஒரு தரம் உச்சியில் நிறுத்தி, அங்கிருந்து கீழே, கீழே, கீழே. நிறமும் இல்லை.

ஓடியது பார், முதல் பேர் எப்படியோ கடைசிப் பேரும் அப்படியே. எழுந்து நின்று ஒரு சுற்று சுற்றலாம் போல இருந்தது. சுற்றவில்லை. நி. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுது முடிஞ்சிருச்சா?"

"எங்க முடியிது. இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

திரையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் கம்பியூட்டரில் இருப்பது பழைய மெக்ரோ. நான் கொடுத்தது. அப்படியே ஓட்டு என்று சொன்னதும் நான்தான். ஓட்டட்டும்.

ஒக்டோபர் 15, புதன்

வெயிலும் மழையும். மேல் டிவிஷன் முடிந்தது. நாலு பைலை எடுத்துப் பழைய காகிதச் செக்ரோலோடு வைத்துச் சரி பார்த்தேன். ஒருத்தரும் தப்பவில்லை. துரையிடம் கொடுத்தேன். "ஷா!" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

நி.க்குக் கீழ் டிவிஷனில் பாதிதான் ஆகியிருக்கிறது. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. நிறையவே இருந்தது. பிறகு என்னவோ போல் ஆகி, ஒரு ப்ளேன்டீ போட்டு அவள் மேசையில் வைத்தேன். இஞ்சியும் தட்டிப் போட்டேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

"தாங்க்ஸ்கா. நல்லா இருக்கு."

அவள் நன்றி சொன்னால் ஏன் எனக்குக் கோபம் வருகிறது?

ஒக்டோபர் 16, வியாழன்

துரை எல்லோரையும் கூப்பிட்டார். பாதி சிங்களம், பாதி தமிழ். பெரிய கிளாக்கர் சீட் எனக்கு. "பரமேஸ்வரி மிஸ்" என்றார். எழுதிப் பார்க்கிறேன்: பரமேஸ்வரி மிஸ்.

ஐயா அலுமாரிச் சாவியை என் கையில் வைத்தார். அவர் கண் கலங்கியது. "மொதப் பேர்லேருந்தும்மா, மறந்துறாத." சரிங்கையா என்றேன். வேறென்ன சொல்ல.

முதலில் கை தட்டியது நி.தான். சத்தமாக. தோற்றவள் தட்டுகிற மாதிரி இல்லை. சரி, சின்னப் பெண், அவளுக்கு இனித்தான் காலம் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டால் மனசு எவ்வளவு தாராளமாகிவிடுகிறது.

வீட்டில் இவர், "எங்க வீட்டு பெரிய கிளாக்கரம்மா வாராங்க, வழி விடுங்க" என்றார். குமார் கடையில் கேக் வாங்கி வந்தான். கேக்கை வெட்டியதும் நான். முதல் துண்டு நி.க்கு ஊட்டினேன். பெருந்தன்மை.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். பால்வெட்டு உண்டு. ஆபீஸ் முழுக்க ரப்பர் வாசம்.

புது சீட்டில் உட்கார்ந்தேன். குஷன் ஐயாவின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. மாற்ற வேண்டும்.

நி. இன்னும் பழைய மெக்ரோவில் முனகிக்கொண்டிருந்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சீட் என்னுடையது. பெரியவளாகப் போய் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"நிலானி, இது ஏன் ஸ்லோ ஆவுதுன்னு சொல்லவா? இந்த மெக்ரோ என்னா செய்யிதுன்னா, ஒவ்வொரு வாட்டியும் மேல போயி..."

"முடிஞ்ச ஆளுகள எல்லாம் கடந்து வரணும்ல, அதான்கா. உச்சிக்கு போறத எடுத்துட்டா சரியாயிரும்."

சாதாரணமாகச் சொன்னாள். சோறு வெந்துவிட்டது என்று சொல்வது போல.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க பென்ட்ரைவ்ல குடுத்தீங்கள்ல, அன்னிக்கே பாத்தேன்."

"அப்பொறம் ஏன் மாத்தல?"

"நீங்கதான் தொடாதன்னு சொன்னீங்களே." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மாத்தியிருந்தா நான்தான் மொதல்ல முடிச்சிருப்பேன்கா. தொர கிட்டயும் போன வாரமே போயி சொன்னேன், அக்கா இருக்கையில எனக்கு அந்த சீட் வேணாம் சேர்னு. அவுரு கேக்கல, வேலையில பாத்துக்குவோம்னாரு. அதான் அப்பிடியே ஓட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க எத்தன வருசமா இங்க இருக்கீங்க. நான் நேத்து வந்தவ."

கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அது எனக்காக! நான் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேனே, அதையும் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு என் டீயைக் குடித்து நன்றி சொல்லியிருக்கிறாள்.

நல்ல மனசு. யாரிடம் சொன்னாலும் அப்படித்தான் சொல்வார்கள். இவரிடம் சொன்னால் "புள்ளன்னா புள்ள" என்பார். வயசு, படிப்பு, முடி, இப்போது நல்ல மனசும் அவளுக்கே. எனக்கு மிச்சம் இந்த சீட் ஒன்றுதான். அதிலும் நானாக உட்காரவில்லை. கேகாலை பஸ்ஸில் வயசான பொம்பளையைப் பார்த்து எழுந்து நிற்பார்களே, அப்படி எழுந்து நின்றிருக்கிறாள்.

நானும் தாங்க்ஸ் என்று சொல்லிவிட்டேன்.